உப்புப் பார்க்க வந்தவன்

போன கிழமை சுபைதாவின் இத்தா முடிந்தது. புருஷன் மவுத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளேயே இருந்த மனுஷி, முதல் தடவையாகப் படலையடிக்கு வந்து, எங்கள் ஊரில் மாடு மாதிரி ரோட்டில் திரிகிற மான்களில் ஒன்றுக்குக் கீரைத்தண்டு போட்டதோடு கதையை நிறுத்தியிருந்தோம். தின்றுவிட்டு இன்னும் தா என்று நின்ற மானைப் பார்த்து, "நீ என்ட மகனை விடப் பரவாயில்ல, தாறதைத் தின்னுறாய்" என்று அவள் சொன்னது ஞாபகம் இருக்கும்.

அந்த மகன்தான் றிகாஸ். டோஹாவில் வேலை, கிண்ணியாவில் பெண்டாட்டி ரிஸ்னாவின் வீடு. ஒன்பது வருஷமாக, லீவில் வரும்போதெல்லாம், உட்துறைமுக வீதியில் இருக்கிற உம்மாவின் வீட்டுக்கு ஒழுங்காக வருவான். கதிரையின் நுனியில் பத்து நிமிஷம் இருப்பான். சுகம் கேட்பான். எழும்பிப் போய்விடுவான். பச்சைத் தண்ணீர் கூட வாயில் வைக்க மாட்டான். இந்த வீட்டில் தின்னவும் மாட்டேன், குடிக்கவும் மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவன்.

காரணத்தைக் கேட்டால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிரிப்பு வராது.

தங்கை நஸ்ரினின் கலியாண விருந்து. ஆறு பேருக்கு ஒரு சஹன், அதாவது ஒரே பெரிய தட்டில் சோற்றைப் போட்டு ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவது. விடியத் தொடங்கிப் பந்தலுக்கும் குசினிக்கும் ஓடித்திரிந்த றிகாஸ், வாப்பா ஸைனுலாப்தீன் இருந்த சஹனில் ஆறாவது ஆளாக வந்து குந்தினான். கையும் கழுவிவிட்டான். அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரிய மாமா, எல்லோரையும் காக்க வைத்துவிட்டு, அத்தர் மணக்க வந்து சேர்ந்தார். வாப்பா மகனைப் பார்த்தார். "எழும்பு மனே. நீ பிறகு தின்னலாம்" என்றார்.

கை கழுவின பிறகு சஹனிலிருந்து எழுப்பப்படுவது என்றால் என்ன என்று எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். முப்பத்திரண்டு வயது ஆம்பிளை, அத்தனை பேருக்கு முன்னால், ஈரக் கையோடு எழும்பினான். அன்று பின்னேரமே கொழும்பு பஸ் ஏறினான்.

இதில் ஊருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அது சுபைதாவுக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும்.

மகனை எழுப்பிவிட்ட கையோடு ஸைனுலாப்தீன் பெண்கள் பக்கத்துக் கதவடிக்கு வந்தார். "அவன்ட முகம் கறுத்துப் போச்சு சுபைதா. அவனுக்கும் எனக்கும் எண்டு விடிய நானே சமைச்சு உள்றையில மூடி வச்சிருக்கன். விருந்தாட்கள் போனதும் நாங்க ரெண்டு பேரும் தனிய இருந்து தின்னுவம். போயிடாம இருக்கச் சொல்லு" என்றார். சுபைதா ஓம் என்றாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் உம்மா, தங்கள் ஆட்களுக்கு இனிப்புக்கு வைக்கிற வட்டிலப்பம் வந்து சேரவில்லை என்று முகத்தைத் தூக்கிவிட்டாள். சுபைதா வட்டிலப்பத்துக்கு ஓடினாள். சொல்ல வேண்டியதை மறந்தே போனாள். ஞாபகம் வந்தபோது றிகாஸின் பஸ் கந்தளாயைத் தாண்டியிருக்கும்.

சொல்லியும் மகன் போய்விட்டான் என்று ஸைனுலாப்தீன் நினைத்தார். அப்படியே நினைத்துக்கொண்டு மவுத்தானார். சுபைதா அவரிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் அது வெறும் மறதி. ஒரு வருஷம் போன பிறகு அது ஒளிப்பு. ஒன்பது வருஷம் போன பிறகு அதற்கு என்ன பெயர் என்று அவளுக்கே தெரியாது.

வருகிற திங்கட்கிழமை றிகாஸ் திரும்பவும் டோஹா போகிறான். இன்றைக்கு வெள்ளி. ஜும்ஆ முடிந்து வந்து சொல்லிவிட்டுப் போவதாக நஸ்ரினுக்குப் போனில் சொல்லியிருக்கிறான்.

*

"உம்மா, வெங்காயத்தைப் பார்த்து வெட்டுங்க. விரல் போகுது."

சுபைதா குனிந்து பார்த்தாள். வெட்டின வெங்காயம் ஒரு பக்கம் பெருவிரல் அளவு, ஒரு பக்கம் தூள். ஐம்பது வருஷம் குசினியில் நின்ற கை இன்றைக்குச் சொல்வழி கேட்கவில்லை.

"தா, நான் பாணை ஊற வைக்கிறன்" என்றாள்.

"பால்லயா தண்ணியிலயா?"

"உன்ட வாப்பா பால்லதான் போடுவாரு. நல்லாப் பிழிஞ்சு எடுக்கோணும். இல்லாட்டித் தட்டை உடையும்."

நஸ்ரின் பெரிய திட்டத்தோடு இருக்கிறாள். நானாவை, அதாவது அண்ணனை, சாப்பிட வைப்பது. அதுவும் பங்களாக் கறி. அரைத்த மாட்டிறைச்சியைப் பாலில் ஊறின பாண் ரொட்டியோடு பிசைந்து, தட்டை தட்டையாகத் தட்டிப் பொரித்து, காளான் போட்ட தடித்த குழம்பில் வேகவிடுவதற்கு இந்த வீட்டில் அதுதான் பெயர். ஊரில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது. ஸைனுலாப்தீன் சீனக்குடாவில் ஒரு கொம்பனி பங்களாவில் இருபத்தேழு வருஷம் சமையல்காரராக இருந்தவர். வெளிநாட்டு இஞ்சினியர்மாருக்கு அவர் சமைத்துக் கொடுத்தது, சைக்கிளில் அவரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பங்களாவுக்குக் கொழும்பிலிருந்து பெட்டியில் வருகிற இறைச்சி எப்படி அறுத்தது என்று அவருக்குத் தெரியாது. அதனால் அங்கே அவர் எதையும் வாயில் வைத்ததில்லை. சமைப்பார், மணம் பார்ப்பார், கையில் தொட்டுப் பார்ப்பார். ருசி பார்க்க மாட்டார். தன் கையால் சமைத்தது என்ன ருசி என்று தெரியாத சமையல்காரனை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார்.

எனவே வெள்ளிக்கிழமைகளில் ஹலாலான இறைச்சி வாங்கி அதையே வீட்டில் சமைப்பார். ஆனாலும் தன் நாக்கை அவர் நம்பவில்லை. சீவல் போட்டுப் போட்டுச் செத்த நாக்கு என்பார். குசினியில் கிடக்கிற பலகை வாங்கில் றிகாஸைக் குந்த வைப்பார். கரண்டியில் குழம்பு அள்ளி, மூன்று தரம் ஊதி, மகனின் வாயில் வைப்பார்.

"உப்புக் காணாது வாப்பா."

கொஞ்சம் போடுவார். மறுபடியும் ஊதுவார்.

"மிளகு கூடிப் போச்சு."

"இப்ப?"

"சரி."

அந்தச் 'சரி' வரும் வரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு கிடையாது. நஸ்ரின் பசியில் அழுதாலும் கிடையாது. அந்தக் கணக்கை அப்படியே மனதில் பிடித்துக்கொண்டு, அடுத்த கிழமை பிறந்ததும் பங்களாவில் அதே மாதிரிச் சமைப்பார். வெள்ளைக்காரன் ஒருவன் தட்டைத் துடைத்துத் தின்றான் என்றால், வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்த முதலே மகனைக் கூப்பிடுவார். "நீ பாஸ்" என்பார்.

"எனக்கு அந்த ருசி தெரியாது உம்மா" என்றாள் நஸ்ரின், இறைச்சியைப் பிசைந்துகொண்டே. "நான் எப்பவும் நானா சரி சொன்ன பிறகு தின்ன ஆள். நானா எத்தினை பிழையைத் திருத்தினாரு எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

"உன்ட வாப்பா பிறகு சமைக்கவும் இல்லையே."

"ஓம். என்ட கலியாணத்தோட நிப்பாட்டிட்டாரு."

சுபைதா பாணைப் பிழிந்தாள். கலியாணத்தன்றும் சமைத்தார் புள்ள என்று சொல்ல வாய் வரை வந்தது. பாண் பிழிபட்டு உருண்டையாகிக் கையில் கிடந்தது.

முனாஸ் இரண்டு டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நஸ்ரினின் புருஷன். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபெக்டரியில் வேலை. வெள்ளிக்கிழமை அரை நாள்.

"காளான் டின் தேடி மூண்டு கடை ஏறி இறங்கின. புதுக் காளான் பெட்டியில கிடக்கு, அதை எடுங்களேன் எண்டு கடைக்காரன் சொன்னான். என்ட மனிசி டின்தான் கேட்டா எண்டன். ஏன் எண்டு கேட்டான். எனக்கு மட்டும் தெரியுமா எண்டன்."

"வாப்பா டின்தான் போடுவாரு. பங்களாவில நசுங்கின டின்னை இவருக்குக் குடுத்திருவாங்க" என்றாள் நஸ்ரின். "வழியில ஆமிக்காரங்க சென்றியில மறிச்சு அதைக் குலுக்கிக் குலுக்கிப் பார்ப்பாங்களாம். சைக்கிள்ல வந்து சேர முதல் இன்னும் நசுங்கிடும்."

"இதுவும் கொஞ்சம் நசுங்கித்தான் இருக்கு. விலையைக் குறைச்சானா எண்டு கேட்டிராத." முனாஸ் மாமியின் முகத்தைப் பார்த்தான். "என்ன மாமி, ஒரு மாதிரி இருக்கீங்க? மச்சான் தின்னுவாரு, யோசிக்காதீங்க. எல்லாம் எங்கட பெரிய மாமா பார்த்த வேலை. அந்த மனிசன் ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருந்தா இந்த வீட்டுல ஒன்பது வருஷம் மிச்சம்."

சுபைதா சிரிக்கவில்லை. பெரிய மாமா பாவம். அவர் மேல் ஒன்பது வருஷமாக அவள் ஏற்றி வைத்திருக்கிற பழி அவருக்கே தெரியாது.

நஸ்ரின் டின்னை வெட்டினாள். தண்ணீரைச் சிங்கில் ஊற்றினாள். காளானை அலசி வைத்தாள். வாப்பாவின் இரும்புத் தாச்சியில் பட்டர் உருகியது. மா தடவின தட்டைகளை ஒவ்வொன்றாக அவள் வைக்க, வைக்க, சுர்ரென்ற அந்தச் சத்தம் கேட்டது. பிறகு அந்த மணம் வந்தது.

இறைச்சியும் பட்டரும் மிளகும் சேர்ந்து கருகுகிற மணம். சுபைதா வாங்கில் இருந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக இந்தக் குசினிக்குள் வராத மணம் அது. வெள்ளிக்கிழமை, ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்து ஊதல், வாப்பாவும் மகனும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, கொடியில் பள்ளிக்கூடச் சட்டை காய, "சரியா மனே?" என்று கேட்கிற அந்தக் குரல். மனுஷன் போன பிறகு அவள் அழுத அழுகையெல்லாம் வேறு. இது வேறு. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வெங்காயம்" என்றாள்.

"வெங்காயம் வதங்கி முடிஞ்சுது உம்மா" என்றாள் நஸ்ரின், மெல்ல.

*

றிகாஸ் வந்தபோது ஒன்றே முக்கால். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தால் வந்தவன், படலையடியில் நின்ற மானை விலத்திக்கொண்டு உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். நாற்பத்தொரு வயது. தாடியில் நரை. நடை வாப்பாவின் நடை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்கும் ஸலாம். இரு மனே."

அதே கதிரை. அதே நுனி.

"ரிஸ்னாவும் பிள்ளைகளும் வரல்லையா?"

"நாளைக்கு வருவாங்க. சாமான் கட்டுறாங்க."

"ஃப்ளைட் எத்தினைக்கு மச்சான்?" என்றான் முனாஸ்.

"திங்கள் ராவைக்கு."

கதை அதோடு முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் காலநிலையைப் பற்றி ஒருவர் சொல்வார், மற்றவர் ஓம் என்பார். இன்றைக்கு அதற்கு முதலே மணம் வந்தது. றிகாஸ் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினான். மூச்சை இழுத்தான். குசினிப் பக்கம் பார்த்தான். உடனே திரும்பிச் சுவரைப் பார்த்தான்.

குசினியிலிருந்து நஸ்ரின் வந்தாள். ஒரு கையில் கரண்டி, அதற்குக் கீழே மற்றக் கை.

"நானா, வாயைத் திறங்க."

"என்ன இது?"

"உப்புப் பார்த்துச் சொல்லுங்க."

"நஸ்ரின், உனக்குத் தெரியும்தானே."

"தெரியும். தின்ன மாட்டன் எண்டுதானே சத்தியம் பண்ணின நீங்க? நான் தின்னச் சொல்லல்ல. உப்புப் பார்க்கச் சொல்றன். நோன்போட கறி சமைக்கிற பொம்புளை நுனி நாக்கில உப்புப் பார்த்துட்டுத் துப்பினா நோன்பு முறியாதே. அது தின்றதில்லை எண்டு மவ்லவிமாரே சொல்றாங்க. உங்கட சத்தியம் நோன்பை விடப் பெரிசா?"

முனாஸ் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். இதை அவள் மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தது அவனுக்குத் தெரியும்.

றிகாஸ் தங்கையையே பார்த்தான். சின்ன வயதில் பசியில் அழுத அதே முகம். "சரி சொல்லுங்க நானா, சரி சொல்லுங்க" என்று காலைப் பிடித்து இழுத்த அதே ஆள்.

"துப்பிப் போடுவன்" என்றான்.

"துப்புங்க. சிங்க் குசினியிலதான் இருக்கு. எழும்பி வாங்க."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் அந்தக் கதிரையிலிருந்து வாசல் பக்கம் போகாமல் உள் பக்கம் போனான். சுபைதா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

வாங்கு அதே இடத்தில் கிடந்தது. அவன் குந்தவில்லை. நின்றபடியே கரண்டியை வாங்கினான். ஊதினான். ஒன்று, இரண்டு, மூன்று. நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான்.

பிறகு சிங்கில் துப்பினான். அந்த மட்டில் நேர்மையான ஆள்.

"உப்புச் சரி" என்றான். "ஆனா இது அது இல்ல."

நஸ்ரினின் முகம் விழுந்தது. "ஏன் நானா? மிளகு காணாதா?"

"மிளகு இல்ல." அவன் தாச்சியைப் பார்த்தான், சிங்கைப் பார்த்தான், குப்பைக் கூடையைப் பார்த்தான். குனிந்து வெற்று டின்னை எடுத்தான். "இதுக்குள்ள இருந்த தண்ணி எங்க?"

"கொட்டிட்டன்."

"கொட்டிட்டியா?"

"உப்புத் தண்ணிதானே நானா."

"தண்ணியைக் கொட்டினா காளானைக் கொட்டினதுதான். வாப்பா சொல்லுவாரு." அவனை அறியாமலே சட்டைக் கையை மடித்தான். "அந்தத் தண்ணியிலதான் மாவைக் கரைக்கிற. பிறகு எலும்பு அவிச்ச தண்ணி. இன்னொரு டின் கிடக்குதானே, வெட்டு. நெருப்பைக் குறை. தட்டையைப் புறம்பா எடுத்து வை, உடைச்சிராத. உம்மா, சாதிக்காய் இருக்கா?"

உம்மா என்று அவன் கூப்பிட்டு எத்தனை நாள். சுபைதா அலுமாரியைத் திறந்து சாதிக்காயைத் தேடினாள். கண்ணுக்கு முன்னால் இருந்ததைத் தேடித் தேடி எடுத்தாள்.

அவன் டின் தண்ணீரில் மாவைக் கரைத்து ஊற்றினான். குழம்பு மெல்ல மெல்ல நிறம் மாறித் தடித்தது. காளானைப் போட்டான். சாதிக்காயை இரண்டு தரம் உரசினான், அதற்கு மேல் இல்லை. தட்டைகளைத் திரும்ப அடுக்கி மூடினான். பத்து நிமிஷம் கழித்து மூடியைத் திறந்து, கரண்டியால் எடுத்து, மூன்று தரம் ஊதி, நாக்கில் வைத்தான்.

இந்தத் தடவை துப்புவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"சரி" என்றான்.

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் கரண்டியை வைத்தான். மடித்த சட்டைக் கையை இறக்கினான்.

"அப்ப நான் போறன்."

"நானா, ஒரு தட்டை. ஒண்டே ஒண்டு. வாப்பாவே இல்லை, இனி யாரோட கோவம்?"

"கோவம் இல்ல நஸ்ரின். சத்தியம். வாப்பா கூப்பிட்டிருந்தா அண்டைக்கே முறிச்சிருப்பன். ஒன்பது வருஷம் எனக்கு முன்னால இருந்து, வந்தியா, ஓம், போறியா, ஓம். ஒரு நாள், வா மனே தின்னுவம் எண்டு அவர் சொல்லல்ல. பிறகு தின்னலாம் எண்டவரு, அந்தப் பிறகு எப்ப எண்டு சொல்லவே இல்ல."

"சொன்னாரு" என்றாள் சுபைதா.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

வாங்கைப் பிடித்துக்கொண்டாள். இருக்கவில்லை. குந்தியிருந்து சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

"சொன்னாரு மனே. என்னட்டச் சொன்னாரு. உன்னை எழுப்பின உடனே என்னட்ட வந்தாரு. விடிய எழும்பி இதே கறியை உனக்கும் அவருக்கும் எண்டு சமைச்சு உள்றையில மூடி வச்சிருந்தாரு. ரெண்டு பேரும் தனிய இருந்து தின்னுவம், போயிடாம இருக்கச் சொல்லு எண்டாரு. நான் ஓம் எண்டன்." மூச்சு வாங்கியது. "மறந்து போனன். வட்டிலப்பம் எண்டு கூப்பிட்டாங்க, ஓடினன், மறந்து போனன். நான் சொல்லியும் நீ போயிட்டாய் எண்டு நினைச்சுக் கொண்டே மவுத்தாகிட்டாரு. நான் அவரிட்டயும் சொல்லல்ல. பயம் மனே. வேற ஒண்டும் இல்ல. பயம்."

குழம்பு தாச்சியில் கொதித்துக்கொண்டிருந்தது. முனாஸ் கையை நீட்டி அடுப்பை நிறுத்தினான்.

"எவ்வளவு நேரம் என்னைப் பார்த்துக் கொண்டிருந்தாரு?" என்றான் றிகாஸ்.

"இருட்டி மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும்."

"தின்னல்லையா?"

"இல்ல. ஆரும் தின்னல்ல. விடியப் பார்த்தன், புளிச்சுப் போயிருந்திச்சு. நான்தான் கொண்டு போய்க் கொட்டின."

றிகாஸ் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சுபைதாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஒன்பது வருஷம் உம்மா" என்றான். அவ்வளவுதான். பின் கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்குப் போனான்.

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் திறந்தே இருந்தது. நஸ்ரின் உம்மாவைப் பார்த்தாள். ஏசுவதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாத பார்வை. கடைசியில் இரண்டும் செய்யாமல் அடுப்படியைத் துடைத்தாள்.

அவன் திரும்பி வந்தபோது முகமும் கையும் ஈரம்.

"சஹன் எங்க கிடக்கு?"

"சஹனா? தட்டுத் தாறன் நானா."

"சஹனை எடு."

அலுமாரிக்கு மேலிருந்து முனாஸ் அதை இறக்கித் துடைத்துக் கொடுத்தான். ஆறு பேர் சுற்றியிருக்கிற தட்டு. றிகாஸ் குசினி நிலத்தில் பாயைப் போட்டு, அதற்கு முன்னால் தனி ஆளாகக் குந்தினான். நஸ்ரின் நடுவில் சோற்றைப் போட்டாள். அவன் தாச்சியைக் கேட்டு வாங்கினான். இரண்டு தட்டையை எடுத்துத் தன் பக்கம் வைத்தான். இன்னும் இரண்டை எடுத்து எதிர்ப் பக்கத்தில் வைத்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு குழம்பு ஊற்றினான்.

"பிஸ்மில்லாஹ்" என்றான். தின்றான்.

அவசரப்படாமல் தின்றான். காளானைப் பொறுக்கிக் கடைசிக்கு வைத்துத் தின்றான், பத்து வயதில் செய்த மாதிரியே. எதிர்ப் பக்கத்துச் சோற்றில் அவன் விரல் படவில்லை. சுபைதாவை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் சுவரோடு நின்று பார்த்தாள். மகன் தின்பதை ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். கண் நிறைந்ததா வயிறு எரிந்ததா என்று கேட்டால் இரண்டும்தான்.

"மச்சான்" என்றான் முனாஸ். "சத்தியம் முறிஞ்சுதே."

"ஓம். அதுக்குப் பரிகாரமாப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு குடுக்கோணும்." றிகாஸ் விரலைச் சூப்பினான். "ஞாயித்துக்கிழமை இந்தக் குசினியில சமைக்கிறன். இதையேதான்."

"பத்துப் பேருக்கா? அப்ப நான் இன்னும் அஞ்சு கடை ஏறி இறங்கோணும்."

"தண்ணியைக் கொட்டாம வச்சிருக்கச் சொல்லு உன்ட மனிசிட்ட."

நஸ்ரின் அழுகையோடு சிரித்தாள். முனாஸும் சிரித்தான். சுபைதாவுக்கு அந்தச் சிரிப்பில் சேர வழி தெரியவில்லை.

*

அஸர் தொழுகைக்கு முந்தி றிகாஸ் புறப்பட்டான். படலை வரைக்கும் சுபைதா பின்னால் போனாள். அவன் மோட்டார் சைக்கிளில் ஏறி, சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமல் இருந்தான்.

"மனே" என்றாள். "உன்னட்டச் சொல்லிட்டன். அவரிட்ட ஆர் சொல்றது? அவரை அடக்கின மையவாடிக்குப் பொம்புளைகள் எங்களுக்குப் போகேலாதே."

அவன் துறைமுகத்துப் பக்கம் பார்த்தான். சீனக்குடாவில் ஒரு கப்பல் நின்றது.

"நான் சொல்றன்" என்றான். "நாளைக்கு சுபஹ் தொழுதிட்டுப் போவன்."

"நான் மறந்து போனன் எண்டும் சொல்லுவியா?"

சாவியைத் திருப்பினான். மோட்டார் சைக்கிள் உறுமியது. அந்தச் சத்தத்துக்கு மேலால் சொன்னான்.

"உம்மாவே சொன்னா எண்டு சொல்றன்."

போய்விட்டான். அது மன்னிப்பா, வழக்கா, நாளைக்கு மையவாடியில் அந்த வாய் இன்னும் என்ன சொல்லும் என்று சுபைதாவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் ஏலாது. அவள் திரும்பிக் குசினிக்கு வந்தாள்.

சஹனில் ஒரு பக்கம் துடைத்த மாதிரி இருந்தது. மறு பக்கத்தில் இரண்டு தட்டையும் ஆறிப்போய், குழம்பில் ஆடை படர்ந்து கிடந்தது.

"நீங்க தின்னுங்க உம்மா" என்றாள் நஸ்ரின். "காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல நீங்க."

"இது எனக்கு வச்சது இல்ல புள்ள."

சுபைதா ஒரு அகலக் கோப்பையை எடுத்தாள். இரண்டு தட்டையையும் உடையாமல் அதில் மாற்றினாள். குழம்பை வழித்து ஊற்றி, மூடினாள். ஃபிரிஜ்ஜைத் திறந்து, மேல் தட்டில் இருந்த பால் போத்தலை நகர்த்தி, அந்த இடத்தில் வைத்தாள்.

"நாளைக்கு அவன் வாப்பாட்டச் சொல்லிட்டு வரட்டும்" என்றாள். "இந்த முறை புளிக்க விட மாட்டன்."